வரிசையின் கடைசி இடம்

வாலுவின் பெரியப்பா போரில் காலில் குண்டு பாய்ந்து திரும்பியவர். ஆனாலும் மனிதர் சும்மா இருக்க மாட்டார். பகல் முழுவதும் தையல் இயந்திரத்தில் பள்ளிப் பைகள் தைப்பார். வாலுவின் சீருடைக்கு இஸ்திரி போடுவதும் அவர்தான். அந்த மடிப்பில் விரல் வைத்தால் வெட்டிவிடும் என்று அப்பா கேலி செய்வார்.

அந்தி சாய்ந்ததும் பெரியப்பா விளக்கேற்றிக் கடவுளை வேண்டுவார். பஸ் ஓட்டும் தம்பி பத்திரமாக வீடு திரும்ப வேண்டும், தம்பி மனைவியின் இருமல் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கடைசியில், "இந்த வாலு கணக்குல பாஸானா போதும், ஆண்டவா! மார்க்கைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்பார்.

பிறகு எழுந்து விறைப்பாக நின்று, போரில் இறந்த நண்பர்களைக் கூப்பிடுவார். பள்ளியில் டீச்சர் வருகைப்பதிவு எடுப்பதைப் போலத்தான்.

"நெட்டை! பாட்டுக்காரன்! தூங்குமூஞ்சி!"

ஒவ்வொரு பேருக்கும் கொஞ்சம் காத்திருப்பார். முடிந்ததும் போன் அடிக்கும். அவரோடு உயிர் பிழைத்துத் திரும்பிய ஒரே நண்பரான பீப்பாய் மாமா கூப்பிடுவார். இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் பெரியப்பா சாப்பிட உட்காருவார்.

போன மாதம் பீப்பாய் மாமா இறந்துபோனார். அன்றிலிருந்து, பேர் கூப்பிட்ட பிறகு பெரியப்பா உட்காரவே இல்லை. சாப்பாடு ஆறிப்போகும். கால் தாங்கும் வரை அவர் அப்படியே நிற்பார். நேற்று மயங்கியே விழுந்துவிட்டார்.

"இன்னொரு தடவை விழுந்தா அந்தக் காலைக் காப்பாத்த முடியாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டிலும் ஏதோ சரியில்லை. வாசலுக்குப் போகும் நீண்ட நடையில், மழையே இல்லாத நாளிலும் ஈர மண் வாசனை அடித்தது. காற்றே இல்லாமல் விளக்கின் சுடர் அந்தப் பக்கம் சாய்ந்தது. இருட்டினால் அம்மா அங்கே போவதையே விட்டுவிட்டார்.

இன்று மாலையும் பெரியப்பா எழுந்து நின்றார்.

"நெட்டை!"

நடையில், மரத்தரையின் ஒரு பலகை கிறீச்சிட்டது.

"பாட்டுக்காரன்!"

அடுத்த பலகை கிறீச்சிட்டது. அங்கே யாருமே இல்லை.

கடைசியாக, "பீப்பாய்!" என்றதும் ஒரு பலகை பாரம் தாங்காமல் முனகியது. யாரோ புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கினார்கள். போனில் பீப்பாய் மாமா இப்படித்தான் மூச்சு வாங்குவார்.

வாலு பெரியப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கால் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"உட்காருங்க, பெரியப்பா! விழுந்துடுவீங்க!"

"அணி கலையலையேம்மா. கலையாம எப்படி உட்கார்றது?"

"நீங்கதானே கலைக்கணும்? கலைச்சிடுங்க!"

"முடியாதும்மா. எங்க படையில ஒரு வழக்கம் உண்டு. எல்லாரையும் கூப்பிட்டவனை, வரிசையில கடைசி ஆளு கூப்பிடணும். கூப்பிட்டவனும் 'உள்ளேன்'னு சொன்னாத்தான் கணக்கு முடியும். இத்தனை வருஷமா பீப்பாய்தான் போன்ல கூப்பிட்டான்." அவர் போனைப் பார்த்தார். "இப்ப என்னைக் கூப்பிட உயிரோட யாரும் இல்ல. பாவம், அவங்களும் என்னோட சேர்ந்து நிக்கறாங்க."

வாலு நடையைப் பார்த்தாள். ஒரே இருட்டு. பேயாவது பிசாசாவது என்று பள்ளியில் வாய் கிழியப் பேசுகிறவள்தான். இப்போது பெரியப்பாவின் சட்டையை விடவில்லை.

பெரியப்பாவின் கால் மறுபடி ஆடியது. இதற்கு மேல் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

சுவரை ஒட்டி நடைக்குள் போனாள். யார் காலையாவது மிதித்துத் தொலைத்தால்? ஒவ்வோர் அடிக்கும் பக்கத்தில் குளிர் அடித்தது, ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரி.

"மன்னிச்சுக்குங்க, மாமா... கொஞ்சம் வழி விடுங்க, மாமா..." என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். மூச்சு வாங்கும் சத்தத்தையும் தாண்டி, வாசல் கதவருகே போய் நின்றாள். வரிசையின் கடைசி இடம் அதுதான்.

விறைப்பாக நிமிர்ந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"பெரியப்பா!"

மூச்சு வாங்கும் சத்தம் சட்டென நின்றது. இருட்டில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது போலிருந்தது.

"உள்ளேன்!" என்றார் பெரியப்பா. இவ்வளவு கணீரென்று அவர் பேசி வாலு கேட்டதில்லை. "அணி, கலைந்து செல்!"

தாழ்ப்பாள் தானாக விலகியது. பலகைகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. வாலுவை உரசிக்கொண்டு குளிர் வெளியே போனது. கடைசியாகப் போனவர், மூச்சு வாங்கியபடியே அவள் முடியைக் கலைத்துவிட்டுப் போனார்.

"யாருடி கதவைத் திறந்தது?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டார்.

"போறவங்கதாம்மா!"

பெரியப்பா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அழுகையும் சிரிப்பும் அவருக்கு ஒன்றாக வந்தன.

"நீ போட்ட சத்தத்துல பட்டாளமே ஆடிப்போச்சு! அம்மாவைச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லு. பசி உயிர் போகுது."

இப்போதெல்லாம் அந்தி சாய்ந்தால் வாலு கதவருகே போய் நின்றுவிடுகிறாள். அந்த நேரத்துக்கு வேலை முடிந்து வரும் அப்பா, கதவைத் தட்டுவதில்லை. வெளியிலேயே பையோடு காத்திருக்கிறார். கதவு திறந்ததும் ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறார். எல்லோரும் போய்விட்டார்கள் என்று வாலு தலையசைத்த பிறகுதான் உள்ளே வருகிறார்.