தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அந்த வீட்டில் யாரும் பிள்ளை பெறவில்லை. ஆனால் முந்தாநாளிலிருந்து வீடு முழுக்கப் பிரசவ வீட்டு வாசனை அடித்தது. வறுத்த பூண்டு, பெருங்காயம், வெந்நீரில் ஊறிய பழந்துணி, இத்தனைக்கும் அடியில் லேசாக இரத்தம். சுலக்ஷனா ஜன்னல்களைத் திறந்து பார்த்தாள். மஸ்கெலியாக் குளிர்தான் உள்ளே வந்ததே தவிர வாசனை வெளியே போகவில்லை. தொட்டில் துணியை மாற்றினாள், தரையை டெட்டால் போட்டுத் துடைத்தாள். வாடகை வீடுதானே, எந்தக் காலத்து வாடையோ என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். அதில் அவள் கெட்டிக்காரி. கனடாவில் பிளேன் ஏறிய நாளிலிருந்து அவளுக்கு அதுதான் வேலை.

அவளும் புருஷன் ஜீவராஜும் தத்தெடுக்க வந்தவர்கள். கோர்ட்டு வேலையெல்லாம் முறைப்படி முடிந்து, பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்காக அவன் கொழும்புக்குப் போயிருந்தான். முறைப்படி இல்லாதது அவளுடைய வயிறு மட்டும்தான். டொராண்டோவில் மாமியாரும் நாத்தனார் தனுஷிகாவும் அவளைப் பிள்ளைத்தாய்ச்சி என்றே நம்பியிருந்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் தனுஷிகா யாரிடமோ ‘மலடி’ என்று சொன்னது காதில் விழுந்த அன்று தொடங்கிய பொய் அது. சேலைக்குள் பஞ்சு மூட்டையைக் கட்டிக்கொண்டு வளைகாப்புக்கு உட்கார்ந்தாள். ஆசையாக ஊட்டிய சோற்றை வாங்கித் தின்றாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று மாமியாரே பெட்டி கட்டிக் கொடுத்து அனுப்பினார். தாய் வீடு இதே மலைநாட்டில், ராகலையில். அங்கே போகவும் முகமில்லாமல், தெரிந்தவர் யாரும் இல்லாத இந்த ஊரில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள்.

பிள்ளையைப் பெற்றவள் லெட்சுமி, கீழே தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடொன்றில் இருப்பவள். அவளுக்கு முன்னே பிறந்த மூன்றும் பெயர் வைப்பதற்குள்ளேயே போய்விட்டன. கடல் தாண்டிப் போனால் இதுவாவது தங்கும் என்றுதான் கொடுத்தாள். கொடுத்த அன்று பிள்ளையைக் குப்பைமேட்டில் ஒரு தரம் கிடத்தி எடுத்து, சுளகில் வைத்து நீட்டினாள். சுலக்ஷனா ஒரு பிடி தவிடு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பிள்ளை தங்காத வீடுகளில் உள்ள வழக்கம்தான். பக்கத்து வீட்டுக்காரி தவிட்டுக்கு வாங்கியதாகப் பேர் பண்ணிவிட்டுப் பெற்றவளிடமே வளர்க்கக் கொடுத்துவிடுவாள். இந்தப் பிள்ளை திரும்பப் போகாது. லெட்சுமி தவிட்டை முந்தானையில் முடிந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“நான் பெத்ததுன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிராதீங்க அக்கா. அது பெத்தவளத் தேடித்தான் வரும்.”

எது வரும் என்று அவள் சொல்லவில்லை. சுலக்ஷனாவும் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிவைத்தாள். அன்று சாயங்காலமே மாமியார் வீடியோ கோலில் வந்தார். அவர் தோளுக்கு மேல் தனுஷிகா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும், நான் பெத்த புள்ளைங்க அத்தை என்று வாயில் தண்ணீராக வந்துவிட்டது. மறுநாள் விடிந்தபோது வாசனை வந்திருந்தது.

இன்று மத்தியானம் லெட்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். வீட்டின் பக்கம் திரும்பாமலே, அப்படி ஏதும் சொன்னீர்களா என்று கேட்டாள். சுலக்ஷனா இல்லை என்றாள். லெட்சுமி காற்றை மோந்தாள், முகம் சுண்டிப்போனது. யாராவது சொல்லியிருந்தால், கேட்ட ஆட்கள் முன்னாலேயே அது பொய் என்று சொல்லிவிட வேண்டும் என்று தேயிலைச் செடிகளைப் பார்த்துச் சொன்னாள்.

“இல்லாட்டி வாசலத் தாண்டி வந்துரும். எனக்கு மூனு தடவையும் வந்துச்சுங்க. பாத்தா தாய் மாதிரியே இருக்கும்.”

பிள்ளையை ஒரு தரம் பார்க்கட்டுமா என்றுகூட அவள் கேட்கவில்லை. பெற்றவள் வாயைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போவதைப் பார்த்தபோது சுலக்ஷனாவுக்குக் கூனிக்குறுகிப் போயிற்று. ஆனாலும் அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லவில்லை.

பொழுது சாய்ந்தது. மூடுபனி மலையிலிருந்து இறங்கி, வேலியை மறைத்து, முற்றத்தை மறைத்து, ஜன்னல் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெண்களெல்லாம் போய்விட்டார்கள், பாதையில் பேச்சுச் சத்தம் அடங்கி வெகு நேரமாகியிருந்தது. அப்போதுதான் கீழ்ப்படிக்கட்டில் நனைந்த படங்கு காலில் அடிபடுகிற சத்தம் கேட்டது. கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் அந்தச் சாக்குத்துணி ஈரமானால் எட்டு வைக்கும்போதெல்லாம் சளப் சளப் என்று அடிக்கும். சின்ன வயதில் அம்மா வேலை முடிந்து வீடு திரும்புவதை அவள் அந்தச் சத்தத்தில்தான் அறிவாள். சத்தம் ஒரு படி ஏறும், நிற்கும். வாசனை கெட்டியாகும். மறுபடி ஒரு படி ஏறும்.

லெட்சுமியா என்று குரல் கொடுத்தாள். சத்தம் இன்னொரு படி ஏறியது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் அணைத்துக்கொண்டாள். அதுவரை சிணுங்கிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்திவிட்டு, கதவின் பக்கமாக முகத்தைத் திருப்பியது. சத்தம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. கதவிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

போன் அடித்தது. மாமியார்.

இதுதான் சமயம் என்று அவளுக்குத் தெரிந்தது. நான் பெறவில்லை என்ற இரண்டு வார்த்தை. சொன்னால் மானம் போகும், பிள்ளை பிழைக்கும். போனை மேசையில் சாய்த்து வைத்தாள்.

“அத்தை, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணுங்க. இந்தப் புள்ளைய...”

“சொல்லும்மா. ஏன் மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போயிருக்கு?”

தனுஷிகா கிட்டே வந்தாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு. எதையோ முன்னமே மோப்பம் பிடித்துவிட்டு, வரட்டும் என்று காத்திருக்கிற சிரிப்பு. சுலக்ஷனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாக்கு நுனிவரை வந்தது உள்ளே போய்விட்டது.

“இந்தப் புள்ளையப் பெத்ததுல இருந்து தூக்கமே இல்லைங்க அத்தை.”

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் அசையவில்லை. சத்தம் மட்டும் உள்ளே வந்தது.

சளப்.

சளப்.

முதுகில் ஈரம் பட்டது.

“அதுக்குத்தானேம்மா அம்மா வீட்டுக்கு அனுப்புனது,” என்று மாமியார் சிரித்தார். “அந்தா, பின்னாலயே நிக்கிறாங்களே. சம்பந்தி, சொகமா இருக்கீங்களா? குனிஞ்சு மூஞ்சியக் காட்டுங்க.”

திரையின் மூலையில் சின்னக் கட்டம். அதில் அவள் முகம். அவளுக்குப் பின்னால் நனைந்த படங்கு, ஒரு மார்பு, கழுத்து வரை. அதற்கு மேல் தெரியவில்லை.

அது குனியத் தொடங்கியது. ஈரமான தலைமயிர் அவள் கன்னத்தில் விழுந்தது. இப்போதாவது சொல். அவள் வாயைத் திறந்தாள். பழக்கம், சிரிப்புத்தான் வந்தது.

மாமியாரின் சிரிப்பு நின்றது. தனுஷிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னக் கட்டத்துக்குள் சுலக்ஷனா இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் தோளுக்குப் பக்கத்தில், மடக்கு மடக்காக, பசியாறக் குடிக்கிற சத்தம் கேட்டது. பிள்ளையின் வாயோ திறந்தபடி அசையாமல் இருந்தது.