வணிகர் பாலத்து அஸ்திக் கலசம்

புதன்கிழமை, காலை 7.40.

அலமாரியின் மேல் ஒரு வட்டம் மட்டும் மிச்சமிருந்தது. பத்து நாள் தூசிக்கு நடுவில், தட்டளவு சுத்தமான வட்டம். அங்கே இருந்த ஃபிர்மேன் தையாதின் அஸ்திக் கலசத்தைக் காணவில்லை.

தாயாருக்கு ரொட்டி கொண்டுவந்த மகன் ரெஜிஸ்தான் முதலில் பார்த்தார். டயர் கடை வைத்திருப்பவர், நாற்பத்தைந்து வயது. ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு நேராகப் போலீசுக்கு போன் செய்தார்.

8.25.

திங்கட்கிழமை தொடங்கிய செர்ஸ், வடமேற்கிலிருந்து அடிக்கும் பேய்க்காற்று, இன்னும் விட்டபாடில்லை. தென் பிரான்ஸின் நார்போன் நகரத்தில் குடைகளெல்லாம் வீட்டோடு கிடந்தன. இன்ஸ்பெக்டர் ஜிஸ்லேன் பார்தெஸ் கோட்டை இறுக்கிப் பிடித்தபடி வணிகர் பாலத்துக்கு வந்து, செருப்புக் கடைக்கு மேலே இரண்டாம் மாடிக்கு ஏறினார். பாலத்தின் மேலேயே கட்டிய வீடு. சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே கால்வாய்.

சாப்பாட்டு மேசையின் ஜன்னலோர நாற்காலியை இழுக்கப் போனார். பூப்போட்ட மேசை விரிப்பு அதன் மேல் வழிந்து தொங்கியது.

"அது வேணாம் மதாம், கால் ஆடும். இதுல உக்காருங்க," என்று லெயோனி தையாத் வேறொன்றைத் தள்ளிக் கொடுத்தார். எழுபத்திரண்டு வயது. கறுப்பு உடை. காப்பி ஊற்றினார்.

"வாசக் கதவு?"

"பூட்டியிருந்துச்சு. என் சாவியப் போட்டுத்தான் தொறந்தேன்," என்றார் ரெஜிஸ். "ஆனா இந்த ஜன்னலோட மரக்கதவு ரெண்டும் படார் படார்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான்தான் சுவத்துக் கொக்கில மாட்டினேன். எங்க சித்தப்பா வேலைதான் இது."

"எதை வெச்சு சொல்றீங்க?"

"பாஜ் கிராமத்துல விலாங்கு பிடிக்கிறவரு. மார்சியால்னு பேரு. அண்ணன அந்த ஊரு உப்பங்கழிலதான் கரைக்கணும்னு தகனத்தன்னிக்கே தகராறு. வர்ற சனிக்கிழமை அப்பாவ எங்கம்மா வீட்டுக் குடும்பக் கல்லறைல வைக்கிறோம். அதுக்குள்ள படகுல கால்வாய் வழியா வந்து ஏறித் தூக்கிட்டாரு."

"ரெண்டாவது மாடிக்கா? வயசு என்ன அவருக்கு?"

"அறுபத்தெட்டு. கொரங்கு மாதிரி ஏறுவாரு."

"வாசப்படி ஏறினாலே அவனுக்கு முட்டி பிடிச்சுக்கும்," என்றார் லெயோனி, காப்பிக் கோப்பையைப் பார்த்தபடி.

"நீ சும்மா இரும்மா. இன்ஸ்பெக்டர், புகாரை எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

கையெழுத்து விழுந்துவிட்டால் மதியத்துக்குள் அந்தக் கிழவரை அழைத்து வந்தாக வேண்டும். கிராமமே வேடிக்கை பார்க்கும். ஜிஸ்லேன் காகிதத்தை மேசையில் வைத்தார். பேனாவை மட்டும் பைக்குள்ளேயே விட்டு வைத்தார்.

"மதாம், ராத்திரி?"

"பத்து மணிக்குப் படுத்தேன். ஜன்னல் கொக்கி போட மறந்துட்டேன் போல. இவன் வந்து எழுப்பினப்பதான் எந்திரிச்சேன்."

9.10.

பக்கத்து வீட்டு முசியே பூஜோல் தொப்பி வியாபாரி. கண்ணுக்குக் கீழே கறுத்து வீங்கியிருந்தது.

"தூக்கமா? ஃபிர்மேன் போனதுலேர்ந்து ஏது தூக்கம்? முப்பது வருஷம் செவுத்துக்கு அந்தப் பக்கம் குறட்டை. கரண்டியால செவுத்தத் தட்டுவேன். இப்ப அது இல்லாம கொட்டக் கொட்ட முழிச்சிருக்கேன்."

"நேத்து ஏதாவது சத்தம்?"

"காத்து. வேற ஒண்ணுமில்ல. காலைல ஏழரைக்குத்தான் அவங்க ஜன்னல் டமால் டமால்னு அடிச்சுது."

"அதுக்கு முன்னாடி?"

"ஊசி விழுந்தாக்கூடச் சொல்லிடுவேன் மதாம்."

9.35.

பாஜ் ஊராட்சி அலுவலகத்துக்கு போன்.

"மார்சியால் படகா?" எழுத்தர் சிரித்தார். "செர்ஸ் அடிச்சா இந்தக் கரையில ஏது தண்ணி? எல்லாத்தையும் தெக்கால தள்ளிட்டுப் போயிடுச்சு. திங்கக்கிழமை ராத்திரியிலேர்ந்து மொத்தப் படகும் சேத்துல குந்தியிருக்கு. அந்தாளும் கரையில குந்தி தண்ணியத் திட்டிக்கிட்டிருக்காரு."

10.15.

தாயும் மகனும் சமையலறையிலேயே இருந்தார்கள். ஜிஸ்லேன் உட்காரவில்லை.

"மார்சியால் வரல. அவர் படகு சேத்துல நிக்குது."

"வேற படகு எடுத்திருப்பாரு. கார்ல வந்திருப்பாரு."

"யாருமே வரல முசியே. இந்த ஜன்னல் செர்ஸுக்கு நேர் எதிர்ல இருக்கு. கொக்கி போடாத கதவு ராத்திரி பூரா அடிச்சிருந்தா, இந்தப் பாலத்துல ஒருத்தர் தூங்கியிருக்க முடியாது. தூக்கமே வராத பூஜோல் காதுல ஏழரை மணி வரைக்கும் ஒரு சத்தமும் விழல. அப்படின்னா ஏழரை வரைக்கும் கொக்கி போட்டுத்தான் இருந்திருக்கு. அதுக்கப்புறம் உள்ளேயிருந்து யாரோ கழட்டியிருக்காங்க. வாசல் பூட்டியிருக்கு. உள்ளே இருந்தது ஒருத்தர்தான்."

ரெஜிஸ் எழுந்துவிட்டார். "எங்கம்மாவத் திருடிங்கறீங்களா?"

"தன் புருஷன எடுத்து வெச்சுக்கிட்டா திருட்டுன்னு எந்தச் சட்டமும் சொல்லல. ஆனா மதாம், செர்ஸ் அடிக்கும்போது கொக்கி போட மறந்தவங்க இந்த ஊர்ல உண்டா?"

லெயோனி மேசை விரிப்பின் ஓரத்தை நீவி விட்டார்.

"இன்னும் கரைக்கல. உப்பங்கழில கரைக்கத் தண்ணியில்ல. அதனால கலசம் வீட்லதான் இருக்கு."

ஜிஸ்லேன் குனிந்து ஜன்னலோர நாற்காலியின் முதுகைப் பிடித்து அசைத்தார். நான்கு காலும் தரையில் ஆணி அடித்தாற்போல் நின்றன. விரிப்பைத் தூக்கினார். மேசைக்கு அடியில், நாற்காலி மெத்தையின் மேல், பழைய கம்பளிக் கழுத்துத் துண்டு சுற்றிய கலசம்.

"அவர் உக்கார்ற இடம் அது," என்றார் லெயோனி. "அலமாரி மேல ஜாடி மாதிரி இருக்கறது எனக்குப் பொறுக்கல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னன்னுடா சொல்றது? கல்லறைக்குக் கூட்டிட்டுப் போய்க் கல்லக் காட்டினே. உங்கப்பா பேரு, பக்கத்துல என் பேரு, பொறந்த வருஷத்தோட. அவ்வளவு பிரியமா வெட்டி வெச்சிருந்தே. ஆஸ்பத்திரில உங்கப்பா என்னை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. உப்பங்கழித் தண்ணில விட்டுடுன்னாரு. சரின்னுட்டேன். ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லிட்டு நான் எங்க போறது?"

"அதுக்குன்னு சித்தப்பா மேல பழியா?"

"யாரோ திருடன்னு நீ விட்டுடுவேன்னு நெனச்சேன். நீ எடுத்த எடுப்புல மார்சியால் பேரச் சொன்னே. வாயத் தொறக்கலாம்னு பார்த்தா போலீஸ் வந்துட்டாங்க. காப்பி போட்டேன். அவனக் கூப்பிடப் போறாங்கன்னா ஒத்துக்கிட்டிருப்பேன், மதாம். நெசமா."

"தெரியும்," என்றார் ஜிஸ்லேன்.

ரெஜிஸ் புகார்க் காகிதத்தை நான்காக மடித்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தொலைபேசிக்குப் போனார். எண்ணைச் சுழற்றி வெகுநேரம் காத்திருந்தார்.

"சித்தப்பா, ரெஜிஸ் பேசறேன். வெச்சுடாதீங்க." அந்தப் பக்கம் நீளமாக என்னவோ திட்டு. கேட்டுக்கொண்டார். "ஆமா. நான் முட்டாள்தான். படகு எப்ப மிதக்கும்? நாங்க ரெண்டு பேரும் வர்றோம். அப்பாவோட."

திரும்பி வந்து தாயாரின் பக்கத்தில் உட்கார்ந்தார். கலசத்தைச் சுற்றிய துண்டைச் சரிசெய்தார்.

"அப்போ நீ, அம்மா? பின்னாடி நீயும் அந்தத் தண்ணிலதானா? கல்ல எடுத்துடச் சொல்லட்டுமா?"

"எனக்கு நீச்சல் தெரியாதுடா," என்றார் லெயோனி. "நான் எங்கம்மா பக்கத்துலயே படுத்துக்கறேன். கல்லு அப்படியே இருக்கட்டும், அவர் பேரும் இருக்கட்டும். நாப்பத்தாறு வருஷம், எந்த ஞாயித்துக்கிழமை அந்த மனுஷன் வீட்ல இருந்தாரு? விடிஞ்சா உப்பங்கழிக்குப் போயிடுவாரு. நான் இங்க இருப்பேன். எனக்குப் பழகினதுதான்."