சுங்கை பாக்காப் வாசு

2024 மார்ச் 11, திங்கட்கிழமை காலை பத்தே கால் மணிக்கு, ஜார்ஜ் டவுனில் பர்மா ரோட்டை ஒட்டிய ஒரு பழைய பங்களாவில் இயங்கிய குடிநோயாளர் இல்லத்தில் முப்பத்தாறு வயது ஆண் ஒருவர் சேர்க்கப்பட்டார். படிவத்தில் பெயர்: வாசு. ஊர்: சுங்கை பாக்காப்.

உண்மையில் அவன் பெயர் ஸ்ரீகரன். ஊர் செபராங் ஜெயா. படிவத்தை நிரப்பியது அவன் அக்கா பிரியந்தி. தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொள்கிறேன், வீட்டிலிருந்தால் செத்துவிடுவேன் என்று முதலில் சொன்னது அவன்தான். சொந்தப் பேரிலேயே சேர்த்துவிடு என்றுதான் கேட்டான். அதற்கு அவள் தயாராக இல்லை. மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம் அது. சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டுக் கால்வாயில் கிடப்பது தோட்டத்து ஆட்கள் செய்கிற வேலை என்று அப்பா கந்தப்பு மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டே சொல்வார். ஆகவே தம்பியை அவள் தோட்டத்து ஆளாகவே எழுதிவிட்டாள். அப்பா: தோட்டத்து மண்டோர், அதாவது கங்காணி, இறந்துவிட்டார். அம்மா: வடிவம்மாள், ரப்பர்ப் பால் மரம் வெட்டியவர். பேனா தயங்கவேயில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு இந்த மாதிரிக் கதைதானே இருக்கும்.

அடையாள அட்டை தொலைந்துவிட்டது என்றாள். இல்லத்தை நடத்திய சிவநேசன் எதையும் துருவிக் கேட்கவில்லை. நாற்பது நாளைக்கு யாரும் வரக்கூடாது, போனும் கூடாது என்று மட்டும் சொன்னார். அவளுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. தம்பி பெர்த்தில் வேலையாக இருப்பதாக உறவினர்களிடம் சொல்லியாகிவிட்டது.

நாற்பது நாள் முடிந்த சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு அவள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். டெட்டால் வாடையும், அடுப்படியிலிருந்து வந்த கருவாட்டு வாடையும், சுவர் ஓரமாக வரிசையில் உட்கார்ந்திருந்த திருந்திய குடிகாரர்களின் தலையெண்ணெய் வாடையும் மெதுவாகச் சுற்றிய மின்விசிறிக்குக் கீழே ஒன்றாகக் கலந்து அவள் புடவையில் ஏறுவதுபோல இருக்க, அவர்களைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த, இல்லத்தில் இருப்பவர்களின் பெயர்ப் பலகையைப் படித்தாள். பதினைந்து பெயர்கள். நான்காவது வாசு. அந்த எழுத்துகள் வெளுத்து, ஓரம் உரிந்திருந்தன. நாற்பது நாளில் பெயின்ட் அப்படி உரியாது.

மாடிப்படியில் காலடிச் சத்தம். தம்பி படிகளைத் தேய்த்துக்கொண்டு இறங்குவான். இது ஒவ்வொரு படியாக, நிதானமாக வந்தது.

ஸ்ரீகரனின் நீலச் சட்டை போட்டிருந்தவனை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. கறுத்த, ஒடிசலான ஆள். சுத்தமாகச் சவரம் செய்திருந்தான். அவள் காலைத் தொட்டு எழுந்தான்.

"வந்துட்டீங்களாக்கா. அம்மா முட்டி வலி எப்படி இருக்கு? வடிவம்மாளுக்குப் பிடிவாதம், கிளினிக்குக்கே போவாது."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் பழைய கத்தித் தழும்புகள். நகக்கண்ணில் கறை. ரப்பர்ப் பால் வாடை.

பெயரை எழுதியது அவள். முட்டி வலியை எழுதவில்லை.

சிவநேசன் மகிழ்ச்சியாக இருந்தார். நாற்பது நாளில் இப்படித் தேறிய ஆளைப் பார்த்ததில்லை என்றார், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். தன் தம்பி எங்கே என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். அப்போது கூடத்தின் கோடியில், பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ தட்டினார்கள்.

"பிரி."

அவள் பெயரை அப்படிக் குறுக்கிக் கூப்பிட உலகத்தில் ஒருவன்தான் உண்டு.

"அது ஒரு கேஸ்," என்றார் சிவநேசன். "எவன் கொண்டாந்து விட்டான்னே தெரியல. பேப்பர் இல்ல, பேர் இல்ல. சிலோன்காரனாம், கவர்மென்ட் பேமிலியாம். எங்களையெல்லாம் பார்த்தா அவருக்கு ஆகாது லா."

சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். வாசுவும் சிரித்தான். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்கும் அதே சிரிப்பு.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஆளாம்மா?" என்று கேட்டார் சிவநேசன்.

சொல்லலாம். ஒரு பெயர். தகப்பன் பெயரும் சேர்த்து. பதினைந்து பேர் கேட்பார்கள். பதினைந்து குடிகாரர்கள். இவர்கள் முன்னால்.

மின்விசிறி. கருவாட்டு வாடை. தட்டும் சத்தம்.

"இல்லை," என்றாள் பிரியந்தி.

தட்டுவது நின்றது. கதவின் அடியில் நான்கு விரல்கள் தெரிந்தன. வெளுத்த, மெல்லிய விரல்கள். நகம் ஒன்றிலும் இல்லை. சிமெண்டுத் தரையைத் தடவி அவள் செருப்பு இருக்கும் திசையைத் தேடின. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின.

மூன்று மணிக்கு அவள் விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்திட்டாள். உறவுமுறை என்ற இடத்தில் அக்கா என்று எழுதினாள். வாசு பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினான்.