அறுக்காத ஜெபமாலை

என் புருஷன் இசித்ரோவை அடக்கம் செய்த மறுநாள், அடக்கத்துக்கு வந்துபோன என் தங்கை மிலா ஒரு பையோடு மறுபடி வந்து இறங்கினாள். "ஒன்பது நாள் ஜெபம் முடியற வரைக்கும் துணைக்கு இருக்கேன்க்கா" என்றாள். பிக்கோல் ஆற்றங்கரையில் எங்கள் பழைய மரவீடு. ஆள் ஏறினால் படி ஒவ்வொன்றும் முனகும். புருஷனைப் பறிகொடுத்தவளுக்குத் துணை கசக்குமா? எதிர் அறையில் பாய் விரித்துக் கொடுத்தேன்.

ஜெபமாலை கட்டுவதுதான் எனக்குக் கைவேலை. கரையோரப் புல்லில் காய்க்கிற திக்பி விதையைப் பொறுக்கி, காப்பித் தண்ணீரில் வேகவைத்துக் கறுப்பாக்கி, வாழைநாரில் கோப்பேன். மணிக்கு மணி ஒற்றை முடிச்சு. மிலாவும் கட்டுவாள். அவள் விதையை வெளுப்பாகவே விட்டுவிடுவாள், முடிச்சை மட்டும் இரட்டையாகப் போடுவாள். "அறுந்துடுமோன்னு பயம்டி உனக்கு" என்று கேலி செய்வேன்.

இசித்ரோவின் விரல்களில் நான் கட்டிய மாலையைத்தான் சுற்றினேன். பெட்டியை மூடும் முன் நானே கத்தரியால் அதை அறுத்தேன். எங்கள் ஊரில் அது கட்டாயம். அறுக்காத மாலையோடு போகிறவர், தமக்கு வேண்டியவர்களைப் பின்னாலேயே இழுத்துக்கொள்வார்.

இரண்டொரு நாள் போயிற்று. கோயிலில் சாயங்கால மணி அடித்து ஓய்ந்த நேரம். மின்சாரம் இல்லை. காற்றும் இல்லை.

படி முனகியது.

இசித்ரோ தலைக்குத் தடவும் வாசனை எண்ணெய் மணத்தது. அதற்கடியில் ஈரச் சிமெண்டின் வாடை. கூடவே, மணிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம்.

நான் பயப்படவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷப்பட்டேன். என்னைப் பார்க்கத்தானே வருகிறார் என்று எழுந்து உட்கார்ந்து, தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

காலடி என் கதவைத் தாண்டிப் போனது.

எதிர் அறை வாசலில் நின்றது.

அன்றிலிருந்து மிலா கரைய ஆரம்பித்தாள். சோறு இறங்கவில்லை. மணிக்கட்டைச் சுற்றி விதை அளவில் வரிசையாகக் கன்றிய தடங்கள். ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீ மாலையை அறுத்தியா?"

"ஊரே பாத்துச்சேடி. அறுத்தேன்."

"அது இல்லக்கா..." குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "நான் ஒண்ணு வச்சேன். அவரு சட்டைக்குள்ள. யாருக்கும் தெரியாம."

"நீ எதுக்குடி வைக்கணும்?"

அவள் அழுத அழுகையிலேயே பதில் இருந்தது. எத்தனை நாளாக என்றுகூட நான் கேட்கவில்லை. என் புருஷன், என் கூடப்பிறந்தவள். இருவருக்கும் என் கையால்தான் சோறு போட்டேன்.

"அத்தான் என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாருக்கா. காப்பாத்து."

செத்துத் தொலை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

கல்யாண மோதிரம் பெட்டிக்குள் போய்விட்டது என்று கொத்தனார் தாசியோவிடம் பொய் சொல்லி, மிலாவையும் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். நடுப்பகலில் கல்லறைச் சுவரை உடைத்துப் பெட்டியை இழுத்துத் திறந்தார். "சீக்கிரம் பாரும்மா, நாத்தம் குடலப் புடுங்குது" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனார்.

என் கறுப்பு மாலை கால்மாட்டில் உதறி எறிந்தாற்போல் கிடந்தது. சட்டைக்குள் வைத்த வெள்ளை மாலை அவர் விரல்களில் இறுகியிருந்தது.

அதை வெட்டி எடுத்தேன். குமட்டிக்கொண்டு வந்தது.

"போய் முகத்தைக் கழுவுக்கா. உன் மாலையை நான் அவரு கையில வச்சுடறேன்" என்றாள் மிலா. அந்த நிலையிலும் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் ஈரம் கசிந்தது. குழாயடிக்குப் போய்விட்டு வந்தபோது தாசியோ சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்.

அன்றே மிலா மணிலா பஸ் ஏறினாள். ஜெபம் முடியக்கூட இல்லை. முகத்தில் மறுபடி களை வந்திருந்தது. படி இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் சாயங்கால மணி ஓய்ந்தது.

படி முனகியது.

இந்த முறை காலடி என் கதவில் நின்றது. கதவின் அடியிடுக்கு வழியே ஒரு மாலை மெல்ல உள்ளே நழுவியது. காப்பியில் கறுத்த என் மணிகள், என் ஒற்றை முடிச்சுகள். நான் அறுத்த இடத்தில் மட்டும் ஓர் இரட்டை முடிச்சு.

அவர் கை வெறுமையாக இருந்தால் தன்னைத் தேடி வருவார் என்று பயந்து, என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள் பாவி.

கத்தரியோடு குனிந்தேன். மாலை சரசரவென்று வெளியே போய்விட்டது.

இப்போது என் மணிக்கட்டிலும் தடங்கள். கட்டிய புருஷன்தானே, போய்த் தொலைவோம் என்று நேற்று கதவருகே போய் நின்றேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. என்னிடம் ஒருநாளும் பேசாத ஆசையான குரல்.

"கதவத் திற, மிலா."