நாற்பத்தொன்றாம் குப்பி

"எந்தா சார் இது? ஃப்ளாஸ்கைக் கீழ வைங்க! அது—"

"நீ ஒன் ஜோலியைப் பாத்துண்டு போ—"

"—ஆறு வருஷம் நாங்க வளர்த்த செல்லு! சாயா ஃப்ளாஸ்க்ல போட்டு எங்க கொண்டு போறீங்க?"

"—போன்னு சொன்னேனோல்லியோ!"

பளார்!

லேப் செல்களைப் பராமரிக்கும் நௌஷிதா தடுமாறி நைட்ரஜன் அறைக்குள் விழுந்தாள். அவள் எழுவதற்குள்...

க்ளிக்! கதவு வெளியே தாழிடப்பட்டது.

மேனேஜர் சங்கர்ராம் அபாய மணியின் ஒயரைப் பிடுங்கினான். கதவோரச் சுவரில் இருந்த நைட்ரஜன் வால்வை முழுசாகத் திறந்துவிட்டான்.

ஸ்ஸ்ஸ்...!

மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கைத் திருத்திக் கட்டிய மருந்து லேப் அது. வெள்ளிக்கிழமை மதியம். வாட்ச்மேன் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தான். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள்.

ஃப்ளாஸ்கில் சுண்டுவிரல் அளவுக் குப்பி. உள்ளே உறைந்து கிடந்தவை ஹாம்ஸ்டர் எலியின் சினைப்பை செல்கள். ரத்தம் உறையாத குழந்தைகளுக்கான புரத மருந்தைச் சுரக்கும்படி மாற்றப்பட்டவை. அதற்காகப் போட்டிக் கம்பெனியின் ஆள் கலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தான்.

வெண்புகை நௌஷிதாவின் கணுக்காலைத் தொட்டது.

நைட்ரஜன்! மணம் கிடையாது. காற்றில் இருக்கும் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். இரண்டு மூச்சு... மூன்றாவதை இழுக்க ஆள் இருக்காது!

குளிர்ந்த வாயு. கனம். கீழேதான் முதலில் நிறையும்.

ஸ்டூலில் தாவி ஏறினாள். தலை கூரையில் இடித்தது.

"சார்! அங்கன்வாடில என் மோளு காத்திருப்பா... திறங்க சார்!"

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அவன் சிரித்தான்.

"கவலைப்படாதே. கம்பெனி பெரிய மாலையோட ஒங்காத்துக்கு வரும். ஆக்சிடென்ட்னாக்கும் எல்லாரும் சொல்லப் போறா."

புகை முழங்கால் வரை வந்துவிட்டது...

அவன் திரும்பி நடந்தான்.

"நம்பரைப் பாத்தீங்களா சார்?"

நின்றான்.

"நாப்பத்தொண்ணு. நன்னாப் பாத்தேன்."

"போன மாசம் லேபிளெல்லாம் மாத்தியாச்சு! நாப்பத்தொண்ணு இப்ப வெறும் எலி செல்லு. மருந்து ஒரு சொட்டு சுரக்காது!"

"புளுகாதே!"

"ரெஜிஸ்டர்ல இருக்கே! ஒரு நாளாவது படிச்சிருக்கீங்களா? பாக்காமலே கையெழுத்துப் போடறவர்தானே!"

அவன் முகம் வெளுத்தது. படிக்காமல் கையெழுத்துப் போடுவது நிஜம்!

ரெஜிஸ்டர் மாடியில். வாட்ச்மேன் திரும்ப நாலே நிமிடம். வெறும் செல்லோடு போனால் கலூர் ஆள் சும்மா விடமாட்டான்.

"நல்லது எங்கே இருக்கு?"

"இங்கதான்... தரையில இருக்க சின்ன டாங்க்ல. குப்பி அடுக்கற கேனிஸ்டர் ஆறு இருக்கு. எதுலன்னு... வெளிய விட்டாத்தான் சொல்லுவேன்."

அவள் குரல் குழறியது. கண்களில் கறுப்புப் புள்ளிகள்...

க்ளிக்!

கதவு திறந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். வராந்தாவில் போய் விழுந்தாள். காற்று! சுக்கு மணக்கும் காற்று! மடக்மடக்கென்று விழுங்கினாள்.

அவன் ஷூ அவள் விரல்களை மிதித்தது.

"சொல்லு!"

"உம்மா...! நாலாவது சார்... அடித்தட்டு."

ஃப்ளாஸ்கை வராந்தாவில் வைத்தான். கர்சீஃபை மூக்கில் பொத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தான். டாங்கின் மேல் குனிந்தான்.

ஒரு மூச்சு... இரண்டு...

தொப்!

ஆக்சிஜனே இல்லாத இடத்தில் கர்சீஃப் எதை வடிகட்டும்?

நௌஷிதா உள்ளே போகவில்லை. தூக்கப் போகிறவரும் விழுவார். வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம்! வால்வை மூடினாள். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தட்டினாள். ஃபயர் ஃபோர்ஸுக்கும் போலீசுக்கும் போன் செய்தாள்.

பிறகு ஃப்ளாஸ்கை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சார்... நம்பர் ஒண்ணும் நான் மாத்தலை. நீங்க எடுத்தது சரியான குப்பிதான். ரெஜிஸ்டரை ஒரு தடவையாவது படிச்சிருக்கக்கூடாதா... கேக்குதா சார்?"