அக்தோஸின் வலப்பக்கம்

அக்தோஸ் தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

நாய் பழக்காதவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தோன்றாது. நாயைப் படுக்க வைத்து, ‘இரு’ என்று சொல்லிவிட்டு ஆள் கண்மறைவாகப் போய்விட்டால், ஆள் மறைந்த இடத்தைத்தான் எந்த நாயும் பார்த்துக்கொண்டிருக்கும். கழுத்து அந்தத் திசையில் நீண்டிருக்கும். காதுகள் அங்கேயே விறைத்து நிற்கும். மர்ஜான் மறைந்திருந்தது பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் சாமான் அறையில், ரப்பர் பந்துகளும் வியர்வை ஊறிய மெத்தைகளும் சேர்ந்து மக்கிய வாடைக்கு நடுவில். கதவிடுக்கில் அவள் எட்டிப் பார்த்தபோது நாயின் முதுகுதான் தெரிந்தது. அது ஏரிப்பக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அந்தச் சுவரில் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. நாயின் வால் மட்டும் மரத்தரையில் மெல்ல இப்படியும் அப்படியும் போய் வந்துகொண்டிருந்தது.

ஐந்து வாரமாக அவள் குதிரை இறைச்சித் துண்டும் பந்தும் பாலாடைக்கட்டியும் கொடுத்துப் பார்த்துவிட்டாள். அவளுக்காக அந்த வால் ஒரு முறைகூட அசைந்ததில்லை.

ஒரு நிமிடம் முடிந்ததும் திரும்பி நடந்தாள். திரும்பி வருவதற்கு ஒரு முறை உண்டு. நேராக முன்னால் போய் நிற்கக் கூடாது. நாயின் இடப்பக்கமாக வந்து, அதன் பின்புறம் சுற்றி, வலப்பக்கத்தில் ஆளின் இடது கால் நாயின் தோளை ஒட்டும்படி நிற்க வேண்டும். ஒரு மூச்சு பொறுத்து, விடுவிக்கும் சொல்லைச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் ஆளுக்கு ஆள் வேறு. மர்ஜானுடையது ‘ஆச்சு’.

“ஆச்சு!”

அக்தோஸ் எழுந்து, கொடுத்ததைத் தின்றது. நன்றி சொல்வதுபோலக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போதுதான் ஏரிப்பக்கச் சுவரின் அடியில் கையகலத்துக்கு ஈரம் இருப்பதை அவள் கவனித்தாள்.

“உன் நாய் காலைத் தூக்கிடுச்சா?” என்றான் வித்தாலி, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே. வாரத்தில் மூன்று மாலை கூடத்தைத் திறந்துவிடும் நாய்ப் பயிற்சியாளன் அவன்.

“கூரை ஒழுகுது போல.”

“வெளிய மைனஸ் இருபத்தி ரெண்டு. கூரை எங்கேருந்து ஒழுகும்? துடைச்சிட்டுப் போ, தாயே. காலைல பிள்ளைங்க வழுக்கி விழுந்தா என்னைத்தான் திட்டுவாங்க.”

குனிந்து துடைத்தாள். மூத்திர வாடை இல்லை. ஏரிப்பாசியும் மீனும் கலந்த வாடை. துணி வழியாகவே விரல்கள் மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்.

*

அக்தோஸ் அவள் வளர்த்த நாயல்ல. ஊர் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த கய்ரோல்லாவின் நாய். வெள்ளை மார்பு, ஓநாய் நிறம், கரடிக் கால். டிசம்பரில் ஒரு காலை, முன்னால் பனிக்கட்டி தாங்குமா என்று பார்க்கப் போன கய்ரோல்லா, தன் பின்னால் வந்துவிடக் கூடாதென்று நாயைப் படுக்க வைத்து ‘இரு’ என்று சொல்லிவிட்டு நடந்தார். பனிக்கட்டி தாங்கவில்லை. உடல் இன்னும் கிடைக்கவில்லை. கோடையில் பனி உருகினால்தான் கிடைக்கும். அவர் மனைவி நாயை வேண்டாமென்று தள்ளிவிட, மர்ஜான் வாங்கிக்கொண்டாள்.

இப்படிப் பழக்கிய நாய் கைக்கு வருவது பெரிய அதிர்ஷ்டம். மர்ஜானுக்கு அந்த அதிர்ஷ்டம் தேவையாகவும் இருந்தது. அவள் குடியிருக்கும் கட்டடத்தின் முதல் மாடியிலிருக்கும் ரஷீதா கையெழுத்து வேட்டை நடத்தி, மாத முடிவுக்குள் கீழ்ப்படிதல் தேர்வுச் சான்றிதழ் காட்டாவிட்டால் நாய்பிடிப்பவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கட்டடக் குழுவில் முடிவு செய்ய வைத்திருந்தாள். நாய்பிடிப்பவர்கள் நாயைப் பிடிப்பதில்லை. வண்டியிலிருந்து இறங்காமலே சுடுவார்கள். போன இலையுதிர் காலத்தில் முற்றத்தில் சுட்டபோது மர்ஜான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள்.

முதல் நாளே வித்தாலி சொன்னான்: “சொல்லை மாத்திடு. இன்னொருத்தர் பழக்கின நாயை வாங்கினா எல்லாச் சொல்லையும் மாத்தணும். அவர் சொன்ன ‘இரு’ அவரோடது. அதுல அவர் போட்ட கணக்கெல்லாம் ஒட்டிட்டு இருக்கும்.”

“புதுச் சொல் பதிய எட்டு வாரம் ஆகும். எனக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு.”

“அப்ப உன் இஷ்டம்.”

அவள் பழைய சொல்லையே வைத்துக்கொண்டாள்.

‘இரு’ என்பதை எப்படிப் பழக்குகிறார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு ஆழமானது என்பதும் தெரியும். முதலில் ஐந்து நொடி. திரும்பி வந்து, இரு முன்கால்களுக்கு நடுவே ஓர் இறைச்சித் துண்டு. பிறகு பத்து நொடி, இருபது, அரை நிமிடம். முதலில் ஓர் அடி தள்ளி, பிறகு மூன்று அடி, பிறகு கதவுக்கு அப்பால். இதில் மீறக் கூடாத விதி ஒன்றே ஒன்று: இருக்கிற நாயைக் கூப்பிடக் கூடாது. ஆள்தான் அதனிடம் திரும்பிப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும், தவறாமல். அப்படி ஆயிரம் முறை திரும்பிப் போன பிறகு நாயின் எலும்புக்குள் ஒரு நம்பிக்கை இறங்கிவிடும்: நான் அசையாமல் இருந்தால், போனவர் வருவார்.

*

வியாழக்கிழமை இரண்டு நிமிடம். ஈரம் சுவரிலிருந்து கூடத்தின் பாதிவரை வந்திருந்தது. இப்போது அது வெறும் ஈரமல்ல. அடி அடியாக, ஒவ்வொன்றும் பெரிய பூட்ஸ் அளவு.

அதை வித்தாலிக்குத் தெரியாமல் துடைத்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது ரஷீதா படிக்கட்டில் துடைப்பத்தோடு நின்றாள்.

“உன் ஆளைப் பூட்ஸைத் தட்டிட்டு மாடி ஏறச் சொல்லு.”

“எந்த ஆள்?”

“நடிக்காதே. நீ குப்பை கொட்டப் போற நேரமாப் பார்த்துத்தான் வர்றான். சொட்டச் சொட்ட. ரெண்டாம் மாடி வரைக்கும் தண்ணி. நாய் பத்தாதுன்னு இப்ப ஒரு குடிகாரனும் வேற.”

“அக்கா, நான் தனியா இருக்கேன்.”

“அதான் சொல்றேன்.” ரஷீதா துடைப்பத்தை அவள் காலடியிலேயே உதறினாள். “திங்கக்கிழமை. சான்றிதழ் இல்லேன்னா நானே வண்டிக்குப் போன் பண்ணுவேன்.”

மர்ஜான் மூன்றாம் மாடியில் குடியிருந்தாள். குப்பை கொட்டப் போகும்போதெல்லாம் நாயை வாசலில் படுக்க வைத்து ‘இரு’ என்று சொல்வாள். இறங்கி ஏற இரண்டு நிமிடம் ஆகும். கதவைச் சாத்திக்கொண்டு மனதுக்குள் அந்தக் கணக்கைப் போட்டாள். ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு தூரம். இரண்டு நிமிடத்துக்கு இவ்வளவு. தேர்வில் மறைவாக இருக்க வேண்டியது நான்கு நிமிடம்.

வெள்ளிக்கிழமை காலை புதுச் சொல்லைப் போட்டுப் பார்த்தாள். “தங்கு!” அக்தோஸ் கண் சிமிட்டிவிட்டு, எழுந்து, தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.

*

கூல்ஜான் கதவுச் சங்கிலியை எடுக்கவில்லை. கய்ரோல்லாவின் மனைவி. இடுக்கில் ஒரு கண்ணும் எண்ணெய்ப் புகையும் மட்டும் தெரிந்தன.

“அதைக் கூட்டிட்டு வந்தியா?”

“கீழே கட்டியிருக்கேன், அக்கா.”

“படுக்க வச்சியா? ‘இரு’ன்னு சொன்னியா?”

“இல்ல.”

“சத்தியமா?”

“சத்தியமா இல்லக்கா. அது நின்னுட்டுதான் இருக்கு.”

மூச்சு விடும் சத்தம் கேட்டது. “மீன்காரங்க ரெண்டு நாள் கழிச்சுப் போய்ப் பார்த்தாங்க. விட்ட இடத்துலயே கிடந்துச்சு. எழுந்திருக்கல. கயித்தைப் போட்டு இழுத்தாங்க. படுத்தபடியே இழுபட்டுக் கரைக்கு வந்துச்சு. அதை யாருமே விடுவிக்கல, புரியுதா? இங்க வந்தப்புறம் சமைக்கறப்போ காலைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. ‘இரு’ன்னு சொன்னேன். மூணே மூணு சாயங்காலம். மூணாவது நாள் அடுப்படி வாசல் வரைக்கும் தண்ணி.”

“அவர் நல்ல மனுஷன்னு ஊரே சொல்லுது.”

“உசுரோட இருந்தப்போ.”

“அக்கா, அவர் அதை என்ன சொல்லி எழுப்புவார்? அந்தச் சொல் தெரிஞ்சா நானே விடுவிச்சிடுவேன்.”

“தெரியாது. குனிஞ்சு அது காதுக்குள்ள சொல்லுவார். பொண்டாட்டி எனக்கே கேட்காது.” கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து குரல் வந்தது: “இன்னொரு தடவை இந்தப் படி ஏறாதே!”

*

அன்று மாலை மூன்று நிமிடம் பார்த்தாள். பார்க்காமல் தேர்வுக்குப் போக முடியாது. சாமான் அறைக் கதவை முழுசாகச் சாத்திக்கொண்டு, மெத்தைகளில் முதுகைச் சாய்த்து, கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்சை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். முதல் நிமிடத்தில் நீராவிக் குழாய் முனகும் ஓசை மட்டும். இரண்டாவது நிமிடத்தில் குழாய் ஓய்ந்தது. பிறகு மரத்தரையில் ஈரத் தோல் பதிகிற சத்தம். சளக். நெடிய இடைவெளி. சளக். அவசரமே இல்லாமல், நாய் பழக்கியவரின் நிதானமான நடை.

மூன்று நிமிடம். கதவைத் தள்ளினாள்.

யாரும் இல்லை. சுவரிலிருந்து வந்த தடம் நாயின் இடப்பக்கமாக வந்து, பின்புறம் வளைந்து, வாலருகே நின்றிருந்தது. திரும்பி வரும் முறைப்படி, ஓர் அடி பிசகாமல். இனி இரண்டு அடி வைத்தால் வலப்பக்கம்.

அக்தோஸின் வால் தரையை அடித்துக்கொண்டிருந்தது.

*

ஞாயிறு காலை பதினொரு மணி. அதே கூடம். அறுபது பேர், தேநீர்க் குடுவைகள், எண்ணெய்ப் பலகாரப் பொட்டலங்கள், குரைப்பு. இத்தனை வெளிச்சத்தில், இத்தனை பேர் நடுவில் என்ன நடந்துவிடும் என்று மர்ஜான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரே ஒரு நிமிடம்தான் அதிகம். அந்த ஒரு நிமிடத்துக்கு எதிர்த்தட்டில் நாய்பிடிப்பவர்களின் வண்டி.

ஆறு நாய்கள் வரிசையாகப் படுத்தன. “இரு” என்றார்கள் ஆறு பேரும். ஐந்து நாய்கள் தத்தம் ஆளின் முகத்தைப் பார்த்தன. அக்தோஸ் சுவரைப் பார்த்தது.

தாழ்வாரத்துக்குப் போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

“முகமெல்லாம் வெளுத்துப் போச்சே மர்ஜான்,” என்றாள் பக்கத்தில் நின்ற பெண். “நாய்தான் பரீட்சை எழுதுது, நீ இல்ல.”

ஒரு நிமிடம்.

உள்ளே யாரோ தும்மினார்கள். யாரோ சிரித்தார்கள்.

இரண்டு.

ஒரு நாய் முனகியது. இன்னொன்றும் முனகியது.

மூன்று.

நகங்கள். மரத்தரையில் பல நகங்கள் ஒரே நேரத்தில் கீறிக்கொண்டு ஓடும் சத்தம். கூட்டம் கலகலவென்று சிரித்தது. “அட, எல்லாம் ஓடிடுச்சே!” பக்கத்துப் பெண் தலையில் கை வைத்தாள்.

சிரிப்பு அடங்கியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

சளக்.

அவளுக்கு மட்டும் கேட்டது.

சளக்.

நான்கு.

கதவு திறந்தது. ஐந்து நாய்கள் எதிர்ச்சுவரோடு ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன. அக்தோஸ் விட்ட இடத்திலேயே, விட்டபடியே படுத்திருந்தது. அதன் தோள் வலப்பக்கமாகச் சற்றே சாய்ந்திருந்தது, எதன்மீதோ சாய்ந்திருப்பதுபோல. முகம் மேல்நோக்கி நிமிர்ந்திருந்தது. அந்த வலப்பக்கத்தில், மரத்தரையில், இரண்டு பூட்ஸ் அளவு ஈரம். நடுவர் அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டு தலையசைத்தார். “அற்புதம். உங்க இடத்துக்கு வாங்க.”

அவளுடைய இடம்.

இடப்பக்கமாக வந்தாள். பின்புறம் சுற்றினாள். நின்றாள். போய் நிற்காவிட்டால் மதிப்பெண் இல்லை. மதிப்பெண் இல்லாவிட்டால் திங்கட்கிழமை.

ஈரத்துக்குள் கால் வைத்தாள்.

குளிர் கணுக்காலைப் பிடித்தது. முழங்கால். இடுப்பு. மார்பு. பூட்ஸுக்குள் தண்ணீர் நிரம்பியது.

“விடுவியுங்க,” என்றார் நடுவர்.

‘ஆச்சு’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய் கனத்தது. பாசி வாடை. அவள் முதுகு தானாகக் குனிந்தது. உதடு நாயின் காதருகே போனது. அவளுக்குத் தெரியாத சொற்கள், அவளுடையதல்லாத குரலில், மெல்ல வெளிவந்தன.

“வாடா செல்லம். வீட்டுக்குப் போகலாம்.”

அக்தோஸ் எழுந்தது. குதித்தது. அவள் முகத்தை நக்கியது, அழுவதுபோல முனகி முனகி நக்கியது, இரண்டு மாத அன்பையும் ஒரேயடியாகக் கொட்டியது. கூட்டம் கைதட்டியது.

“பத்துக்குப் பத்து!” வித்தாலி காகிதத்தை ஆட்டினான். “மர்ஜான்! சான்றிதழ்! எங்க போற? ஏய், கோட்டு போடாம வெளிய போகாதே!”

திரும்ப நினைத்தாள். கழுத்து திரும்பவில்லை.

கதவு. பனி. கரை. இடது காலை ஒட்டி நாய், தலை நிமிர்ந்து, வார் தளர்ந்து. தேர்வில்கூட அது அவ்வளவு அழகாக நடந்ததில்லை. நாணலைத் தாண்டியாயிற்று. காலடியில் பனிக்கட்டி முனகியது.

நின்றாள். கை தானாக நாயின் கழுத்திலிருந்து வாரைக் கழற்றியது.

“படு.”

படுத்தது.

வேண்டாம். வேண்டாம். வாயை மூடிக்கொள்ளப் பார்த்தாள்.

“இரு.”

கால் நடந்தது. பனிக்கட்டி தாங்கவில்லை.

பிறகு மேலே வெளிச்சம் மட்டும். பச்சையாக. கண்ணாடிபோன்ற பனிக்கட்டி. அதன்மீது, அவள் கைக்கு எட்டாமல், ஒரு வெள்ளை மார்பு ஒட்டிப் படுத்திருந்தது. அசையாமல். கீழே அவளையே பார்த்துக்கொண்டு.

பக்கத்தில், தண்ணீருக்குள், யாரோ நிதானமாக நொடிகளை எண்ணத் தொடங்கினார்கள்.