கோணாத பின்னல்

மகளின் பின்னல் கோணாமல் இருந்தது. வாசலில் சேற்றுச் செருப்பைக் கழற்றும்போது பெற்றவள் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கூரை இருக்கிறது, கணவன் இருக்கிறான், தெருவே வாலு என்று கூப்பிடும் மகள் முழுசாக ஓடிவருகிறாள். புயலுக்குப் பிறகு வீடு திரும்பும் வேறு எவளாக இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். இவளோ மகளைக் கட்டிக்கொண்டு, தோளுக்கு மேலாக அந்தப் பின்னலையே பார்த்தாள். வகிடு நூல் பிடித்தமாதிரி இருந்தது. ஒரு முடி பிசிறவில்லை. தச்சனான கணவன் கட்டில் செய்வான், கதவு செய்வான், மகள் தலையில் கை வைத்தால் சிக்குத்தான். இவள் பின்னினாலே கோணும்.

"யாருடி பின்னிவிட்டா?"

"நீதாம்மா."

சிரித்துவிட்டு உள்ளே போனாள். ஜன்னல்களில் கணவன் அறைந்திருந்த பலகைகள் இன்னும் அப்படியே இருந்தன. இன்னொரு சுற்றுக் காற்று வருகிறதாம். பட்டப்பகலிலும் வீடு இருட்டிக் கிடந்தது. நனைந்த பலகை வாசனையும் சேற்று வாசனையும் கலந்து, அதற்கு அடியில் ஏதோ குளிர்ந்த வாசனை, பல நாள் மூடிவைத்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அது. ஆனால் தரையில் சேறு இல்லை. பாத்திரங்கள் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. மெழுகுவத்திக் கட்டு பிரிக்காமலே கிடந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. இது ஒரு பொம்பளை கை.

ஊரின் பள்ளமான தெருக்களிலிருந்து மழைத்தண்ணீரை இறைத்து ஆற்றில் தள்ளும் மோட்டார் நிலையத்தில் அவளுக்கு வேலை. புயலில் சாலையெல்லாம் மரம் விழுந்து மாற்று ஆள் வரவில்லை, போனும் செத்துப்போயிற்று. மோட்டார் நின்றால் இந்தத் தெருவும்தான் மூழ்கும் என்று டீசல் புகையில் அங்கேயே கிடந்தாள். அந்த இரைச்சலோடு வருஷக்கணக்காகப் போட்டி போட்டுப் பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டாலும் சண்டைக்கு வந்தமாதிரி இருக்கும் அவள் குரல். இப்படித் தொண்டையும் கையும் தேய உழைத்தவள் இல்லாத நேரத்தில் எவளோ வந்து சொகுசாகத் தலை பின்னியிருக்கிறாள்.

"யாருங்க வந்தது?" கணவனிடம் கேட்டாள்.

"என்ன கேக்கறே? நீதானே வந்தே. புயலடிச்ச அன்னிக்கும் வந்தே, அடுத்த நாளும் வந்தே. தூக்கமில்லாம எல்லாம் மறந்துபோச்சா?"

"கதை விடாதீங்க."

"நான் எதுக்கு விடறேன்? நீ வந்த தைரியத்துலதான் நாங்க முகாமுக்கே போகல."

அவன் முகத்தில் திருட்டுத்தனம் இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரிமீது அவளுக்கு ஏற்கெனவே ஒரு கண். வாலுவுக்குக் கவுன் தைக்கிறேன் என்று அடிக்கடி வந்து போகிறவள், கை நேர்த்தியானவள். நேரே அவள் வாசலுக்குப் போய் நின்றாள்.

நனைந்த துணிகளைப் பிழிந்துகொண்டிருந்த தையல்காரி நிமிர்ந்தாள். "வாங்கக்கா. நாங்க எல்லாம் ஸ்கூல் முகாம்லதான் இருந்தோம், காலைலதான் திரும்பினோம். போகும்போது உங்க வீட்டுக் கதவைத் தட்டினேன். நீங்க வந்துட்டீங்கன்னு அண்ணன் சொன்னாரு. உங்க குரல்கூட உள்ள கேட்டுச்சே. அவ்வளவு மெதுவா நீங்க பேசி நான் கேட்டதே இல்ல."

விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினாள். பயத்தை முந்திக்கொண்டு வயிற்றெரிச்சல்தான் நின்றது.

கணவனை மறுபடி பிடித்தாள். கதவை எப்படித் திறந்தீர்கள்?

"எப்பவும் போலத்தான். சுரண்டற சத்தம் கேட்டுச்சு, திறந்தேன்."

அது அந்த வீட்டுப் பழக்கம். கண்ட நேரத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவள், குழந்தை விழித்துவிடக் கூடாதென்று தட்டமாட்டாள். சாவி முனையால் கதவைச் சுரண்டுவாள். அவன் யாரென்று கேட்கமாட்டான், விளக்குப் போடமாட்டான், தாழை நீக்கிவிட்டுத் திரும்பிப் படுப்பான். புயல் நாட்களில் சாவி அவள் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"உன் முகத்தைப் புதுசா எதுக்குப் பார்க்கணும்? வெளிச்சம் கண்ணு கூசுது, ஏத்தாதேன்னு நீதான் சொன்னே." பிறகு, தயங்கி, "அப்ப இருந்தமாதிரியே இருந்திருக்கலாம் நீ. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா."

அது பச்சை மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது.

பொழுது சாயும்போது காற்று திரும்ப எழுந்தது. பலகை இடுக்குகளில் அது நுழைந்து வெளியேறும் ஊளையும், எங்கோ தகரம் ஒன்று அறைந்துகொள்ளும் சத்தமும், ஓட்டின்மீது விட்டு விட்டு விழும் தூறலும் சேர்ந்து, வீட்டுக்குள் யாரோ நடமாடுவதையும் நடமாடாததையும் பிரித்தறிய முடியாமல் செய்தன. தையல்காரி வீட்டுக் கூரைத் தகடு ஆடுகிறதென்று கணவன் சுத்தியலோடு போனான். அவள் கதவைத் தாழிட்டாள். இழுத்துப் பார்த்தாள். மெழுகுவத்தி ஏற்றி மகளை முன்னால் உட்காரவைத்துப் பின்னலை அவிழ்த்தாள். ஈரமாக இருந்தது. பகலெல்லாம் காய்ந்திருக்க வேண்டிய முடி.

"வலிக்குதும்மா, இழுக்காதே."

"இழுக்கல. சும்மா இரு."

"கத்தாதே. அப்ப நீ கத்தவே இல்ல. கை மெத்துனு இருந்துச்சு." வாலு தலையை உதறிக்கொண்டாள். "மெழுகுவத்திய அணைச்சிடும்மா. இருட்டுல நீ நல்ல அம்மாவா இருக்கே."

பெற்றவளுக்கு அழுகை முட்டியது. பயம் மட்டும் இருந்திருந்தால் மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடியிருப்பாள். ஆனால் எவளோ ஒருத்தி இந்தத் தலையைத் தடவி, இந்த வாயால் நல்ல அம்மா என்று பெயர் வாங்கிப் போயிருக்கிறாள். அதை அவளால் தாங்க முடியவில்லை. இவளுக்கும் மெதுவாகப் பேசத் தெரியும். இவளுக்கும் தெரியும்.

ஊதி அணைத்தாள்.

இருட்டு. திரி கருகிய வாசனை. அதற்குப் பின்னாலேயே அந்தத் தொட்டி வாசனை, கொஞ்சம் கூடுதலாக.

"கண்ணு," என்றாள், தனக்கே புதிதான ஒரு மெல்லிய குரலில். வாலுவின் தோள் இளகியது. மெல்ல அவள்மேல் சாய்ந்தாள். அந்தக் கனம் போதும் என்றிருந்தது. புயல் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

முடியை மூன்றாகப் பிரிக்க விரல் விட்டாள்.

ஏற்கெனவே பிரிந்திருந்தது.

விரல் நகர்ந்தது. முடி இழுபட்டது. அவள் இழுக்கவில்லை.

மற்றொரு விரல். மெத்தென்று. ஊறிப்போய். குளிராக.

அது நிற்கவில்லை. பிரிமேல் பிரியாகப் போட்டு நிதானமாகப் பின்னிக்கொண்டே வந்தது. வழியில் கிடந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தது.

கத்த வேண்டும். குரல் வரவில்லை. மோட்டாரையே மிஞ்சும் தொண்டை.

மடியின் கனம் குறைந்தது. வாலு அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டாள்.

"அம்மா," என்றாள் அங்கே பார்த்து. "இந்தப் பக்கம் யாரோ இருக்காங்கம்மா. கை சொரசொரன்னு இருக்கு."

"பேசாம இரு கண்ணு," என்றது அங்கிருந்து அவள் குரல், மிக மெதுவாக. "போயிடுவா."